கால்களைத் திருப்பிக் கேட்டவர்கள்

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

நீ போன் செய்தால் எடுக்கப் போவதில்லை. போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை, நான் உன்னைத் தொடங்க விடுவதில்லை. தாளில் எழுதினால் இரண்டு பேருக்கும் முறை வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உன் அண்ணனும் பட்டறை ஆட்களும் என் அம்மாவும் உட்கார்ந்திருக்க, நீ சொன்னது இது: "அண்ணி அந்த ரூம்ல சர்வரா வெச்சிருக்காங்க? கோழி வளக்கறாங்க. சூடு பாக்கணும், காத்து பாக்கணும், விட்டுட்டு வெளியூர் போக முடியாது." எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணனும் சிரித்தார். அவருக்கு வீட்டிலேயே தண்டனை கொடுத்தாகிவிட்டது. உனக்கு இந்தக் கடிதம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது உன் அண்ணனின் செயற்கைக்கால் பட்டறை எப்படி இருந்தது என்று நீ மறந்திருக்கலாம். ஒவ்வொருவருக்கும் எடுத்த மாவு அச்சு பரண் முழுக்கக் கிடந்தது. எலி கடித்த கால், ஈரம் ஏறிய கால், யாருடையது என்றே தெரியாத கால். ஒரு லாரி ஓட்டுநருக்கு வேறொருவர் அச்சை வைத்துக் கால் செய்து மாட்டி, அவர் புண்ணோடு திரும்பி வந்தார். அன்றைக்கு நான் உட்கார்ந்து யோசித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்தவள் நான். ஸ்கேனர் வாங்கியது நான், சர்வர் வைத்தது நான், ஒயர் இழுத்ததுகூட நான்தான். இப்போது யார் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அவருடைய காலின் வடிவம் திரையில் சுற்றும்.

இதைத்தான் உன் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாய். கிளவுட், கிளவுட் என்று வானத்தைக் காட்டுகிறாய். எனக்கு வானத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. நாளைக்கு ஒன்று ஆனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

நாத்தனார் என்றால் சண்டைக்காரி என்று ஊரே சொல்லும். என் நாத்தனார் அப்படி இல்லை என்று நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதையும் பொய்யாக்கிவிட்டாய்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

கோழி என்று சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். நீங்கள் அந்த அறையை விட்டு நகர்ந்து எத்தனை காலம் ஆகிறது? என் கல்யாணத்தன்றுகூட நடுவில் ஓடிப்போய் ஏ.சி. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. பேக்கப் எடுத்து வைக்கும் டிஸ்க் எங்கே இருக்கிறது? அதே அறையில், அதே அலமாரியில், மேல் தட்டில். மாற்றுச் சாவியை அதே வளையத்தில் கோத்துவைத்துவிட்டு, சாவி தொலைந்தால் கவலையில்லை என்கிறீர்கள்.

எங்களிடம் ஒரு பதிவு வந்தால் அது வேறு வேறு ஊரில் மூன்று கட்டடங்களில் இருக்கும். ஒன்று எரிந்தாலும் மற்றது நிற்கும். முன்பு பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் வங்கிகளுக்கும் மட்டும் இருந்த வசதி இது. இன்றைக்கு ஒரு பட்டறைக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. இயந்திரத்தை வாங்கி வைத்து அதற்குக் காவல் இருந்த காலம் முடிந்துவிட்டது, அண்ணி. தேவைப்படும்போது தேவையான அளவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சின்னவர்கள் பெரியவர்களோடு போட்டி போட முடிகிறது. இதைத்தான் நான் விற்கிறேன். ஆமாம், விற்கத்தான் வந்தேன். நல்ல சரக்கு என்று தெரிந்து விற்கிறேன்.

மலைப்பக்கத்தில் ஒரு கிளை திறக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ரொம்ப நாளாக ஆசை. அங்கிருந்து ஒற்றைக் காலோடு பஸ் மாறி மாறி வருகிறவர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். பதிவு எல்லாம் அந்த ஒரு அறைக்குள் இருக்கும்வரை அது நடக்காது. அவர் உங்களிடம் கேட்க மாட்டார். அவருக்கு உங்களிடம் பயம். எனக்கு இல்லை.

சின்னவள்


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

சனிக்கிழமை மத்தியானம் மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்தது. அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தோம். வந்து பார்த்தால் சர்வர் அறைக் கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்குகிறது. முதலில் நனைந்தது மேல் தட்டு, அடுத்தது சர்வர்.

கம்ப்யூட்டர் கடைப் பையன்கள் டிஸ்க்கைப் பிரித்து, காயவைத்து, பெரும்பாலானதை மீட்டுவிட்டார்கள். இந்த வருஷம் எடுத்த அளவுகள் வரவில்லை. அதில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய கால் பாதி செய்திருந்தது. திரும்பக் கூப்பிட்டு, திரும்பப் படுக்கவைத்து, திரும்ப அளவெடுத்தோம். அவள் அழவில்லை. "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியவள். எனக்குப் பதிலாக உன் அண்ணன் சொன்னார்.

இதைப் படித்ததும் நீ நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாய். நன்றாக நிமிர்ந்துகொள். நான் குனியப் போவதில்லை. தொட்டி உடைந்ததால் என் கேள்வி உடைந்துவிடாது. எடுத்துக்கொண்டு போகிறீர்கள், சரி. ஒருநாள் எங்களுடையதைக் கொடுங்கள் என்றால் கொடுப்பீர்களா? அதற்கு உன் கையெழுத்தில் பதில் எழுது. அப்புறம் ஆளை அனுப்பு.

அண்ணி


மே 3

அண்ணிக்கு,

கொடுப்போம். என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆளை அனுப்பவில்லை. நானே வருகிறேன். புதன்கிழமை.

சின்னவள்


மறு வருஷம், மார்ச் 11

சின்னவளுக்கு,

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவளுக்கு எப்போதும் குறைதான் என்பாய்.

போன மே மாதம் நீ வந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்த அறையைக் காலி செய்தோம். இப்போது அங்கே இரண்டு கைப்பிடிக் கம்பிகள் இருக்கின்றன. புதுக்கால் மாட்டியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுகிறார்கள். மலைக்கிளையில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறோம். அவள் அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் இங்கே உன் அண்ணன் திரையில் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் திருத்தியதை வைத்து இயந்திரம் அச்சைக் கடைந்து கொடுக்கிறது. மலையிலிருந்து யாரும் பஸ் மாறி வருவதில்லை.

என் வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் பயந்தேன். வேலை போகவில்லை, வேறாகிவிட்டது. முன்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன். இப்போது ஆட்களைப் பார்த்துக்கொள்கிறேன். யார் நடக்கிறார்கள், யார் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள் என்று கூப்பிட்டுக் கேட்கிறேன். மூலையில் சாத்தியவர்களை விடுவதில்லை.

இனி குறை. உன் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். புது நிபந்தனை வந்திருக்கிறது. எங்கள் ஆட்களின் கால் வடிவங்களை எல்லாம் அவர்கள் தங்கள் வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். சொந்தமாகக் கால் செய்யும் தொழிற்சாலை போடுகிறார்கள் என்று பேச்சு. மே மாத முடிவுக்குள் சம்மதிக்காவிட்டால் கதவடைப்பு. வெளியே போகிறவர்களுக்குப் பதிவுகளின் படம் மட்டும் தருவார்களாம், அளவு தர மாட்டார்களாம். காலின் படத்தை வைத்துக்கொண்டு உன் அண்ணன் என்ன செய்வார்? கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவாரா?

சம்மதம் என்ற பொத்தான் பச்சையாக, பெரிதாக இருக்கிறது. மறுப்பதற்குப் பொத்தானே இல்லை. கொடுப்போம் என்று எழுதியவள் நீ. பதில் சொல்.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

நிபந்தனையைப் படித்தேன். எழுதியது நான் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்களைச் சம்மதிக்கவைக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கொடுப்போம் என்று நான் எழுதியபோது அது உண்மை. அப்படிச் சொன்ன கம்பெனி இன்றைக்கு இல்லை. பலகை அதே, உள்ளே ஆட்கள் வேறு. நான் பொய் சொல்லவில்லை.

பெயர் போகாது, அண்ணி. வடிவம் மட்டும்தான் போகும். ஏறக்குறைய எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் மறுத்தால் உங்கள் ஆட்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். எங்களுடைய முறையில் சேமித்த வடிவத்தை வேறு எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. அப்படித்தான் கட்டியிருக்கிறோம். கட்டும்போது அது ஒரு வசதியாகத் தெரிந்தது. வெளியே போகும்போதுதான் பூட்டு என்று தெரிகிறது.

சம்மதித்துவிடுங்கள். இந்த வரியைப் பலமுறை அடித்து அடித்து எழுதினேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

சின்னவள்


ஏப்ரல் 8

சின்னவளுக்கு,

பொய் சொல்லவில்லை என்கிறாய். நம்புகிறேன். உன் கையெழுத்து கோணலாக இருந்தது, அதனால் நம்புகிறேன்.

சம்மதிக்க மாட்டேன்.

இதே முறையில் பதிவு வைத்திருக்கும் மற்றப் பட்டறைகளுக்கு நானே போனேன். பெரிய பட்டறைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "யானையோட எதுக்கும்மா மல்லுக்கட்டறே?" என்று வழியனுப்பினார். துறைமுகத்துப் பட்டறைக்காரர் அரை மனதோடு வருகிறேன் என்றார். அவரையும் சேர்த்துச் சின்னப் பட்டறைகள் எட்டு எங்களோடு வந்தன. ஒன்பது பட்டறையும் சேர்ந்து கடிதம் எழுதியதற்கு உங்கள் ஆபீஸ் போட்ட பதில் ஒரே வரி: "வாடிக்கையாளரின் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது."

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் வெறும் வாடிக்கையாளர்கள். கால் எங்களுடையதா என்ன? உடம்பைப் பற்றிய பதிவை அந்த உடம்புக்குரியவர் கேட்டால் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் எல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் கால் மாட்டியவர்களைக் கூட்டிக் கேட்கச் சொன்னேன். யாரையும் கெஞ்சவில்லை, விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னேனே, வேறொருவர் அச்சில் செய்த காலால் புண்ணான லாரி ஓட்டுநர், அவர்தான் முதலில் எழுந்தார். "ஒரு கால் ரோட்டுல போச்சு. இன்னொண்ணு இவங்க கம்ப்யூட்டர்ல போகணுமா?" என்றார். மற்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தங்கள் காலின் அளவைக் கேட்டு ஒவ்வொருவரும் உங்கள் ஆபீஸுக்குத் தனித்தனியாக எழுதுகிறார்கள். சிலர் நேரிலும் வருவார்கள். எல்லாம் உன் மேஜைக்குத்தான் வரும் என்று தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

அண்ணி


மே 5

அண்ணிக்கு,

வந்தார்கள்.

முதல் வாரம் பத்திருபது பேர் எழுதினார்கள். படத்தை அனுப்பி முடித்துவிடு என்றார் மேலாளர். அனுப்பினேன். அதே ஆட்கள் திரும்ப எழுதினார்கள்: படம் வேண்டாம், அளவு வேண்டும். அதற்குள் ஒன்பது பட்டறைகளிலிருந்தும் குவியத் தொடங்கிவிட்டது. உங்களுக்கு டீ கொடுத்து அனுப்பிய பெரிய பட்டறையின் ஆட்களும் எழுதினார்கள். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வரவேற்பறையில் ஒரே நிசப்தம் என்று எட்டிப் பார்த்தேன். தையல்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், நாற்காலியில் உட்கார்ந்து பேன்ட்டை மடித்துத் தன் காலைக் கழற்றினார். துடைத்து, வரவேற்பு மேஜைமேல் நிறுத்தினார். "இதுக்குள்ள இருக்கறது என்னோட அளவு. நான் ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கறவன். என் அளவை எனக்கே தர மாட்டேன்னா எப்படி? குடுங்க, மாட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். சத்தம் போடவில்லை. காவலாளி வந்து நின்றார். ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருப்பவரை எப்படி வெளியே போகச் சொல்வது? அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே கூட்டம் போட்டார்கள். சட்டத்தில் பதிவு என்றுதான் இருக்கிறது, படமும் பதிவுதான் என்றார் மேலாளர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன், அண்ணி. கண்ணாடிக் கதவு வழியாக அந்தக் கால் மேஜைமேல் நிற்பது எனக்கு நேராகத் தெரிந்தது.

"சார், அவங்க கேக்கறது படம் இல்ல, கால் செய்யற அளவு. அது நம்மகிட்ட இருக்கு. எந்த மென்பொருள்லயும் திறக்கற மாதிரி நான் எடுத்துத் தரேன். ஒரு வாரம் போதும்" என்றேன்.

"உன்னை யார் கேட்டா?"

"அவங்க கேட்டாங்க, சார். வெளிய உக்காந்திருக்காங்க. நீங்களே போய் இல்லன்னு சொல்லிட்டு வாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. சட்டப் பிரிவு அம்மாள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வழக்கென்று போனால் நாம் தோற்போம் என்றார். அதோடு முடிந்தது. தொழிற்சாலைக்கு வடிவங்களை எடுக்கும் நிபந்தனையையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். வேண்டும் என்கிறவர்களுக்கு அளவுகளைக் கொடுக்கும் வேலையை நானே செய்து முடித்தேன். தையல்காரருடையதுதான் முதலில் போனது.

வேலை முடிந்த மறுநாள் என்னை ஜன்னலோரம் ஒரு மேஜைக்கு மாற்றினார்கள். மேஜை இருக்கிறது, வேலை இல்லை. ராஜினாமா எழுதச் சொல்லாமல் சொல்கிறார்கள். எழுத மாட்டேன். தினமும் ஒன்பது மணிக்குப் போய் நன்றாக உடுத்திக்கொண்டு உட்காருகிறேன்.

உங்கள் ஆட்களின் கோப்புகள் இந்நேரம் வந்திருக்கும். ஒன்று விடாமல் சரிபாருங்கள். குறை இருந்தால் சும்மா விடாதீர்கள்.

சின்னவள்


ஜூன் 2

சின்னவளுக்கு,

சரிபார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. குறை சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டாயே என்று உன் அண்ணனிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

பழைய அறைக்குத் திரும்பப் போவதில்லை. கம்பியைப் பிடித்து நடக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு அங்கே மறுபடி இயந்திரத்தைக் குடிவைக்க எனக்குப் பைத்தியமில்லை. மலைக்கிளையை மூடவும் மாட்டேன். ஒன்பது பட்டறையும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கிளவுட் நிறுவனங்களிடம் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம். ஒருவன் மிரட்டினால் அடுத்தவனிடம் போகலாம். பதிவு எங்கள் முறையில், எந்த மென்பொருளிலும் திறக்கும்படி இருக்கும். வீட்டை வாடகைக்கு எடுப்பது வேறு, வீட்டுக்காரன் நம் பெட்டியைத் திறந்து பார்ப்பது வேறு. இவ்வளவு சண்டைக்குப் பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்.

இதை நடத்த ஆள் வேண்டும். உன் மேல் பரிதாபப்பட்டுக் கேட்கவில்லை. யாருக்கும் பயப்படாத வாயும் வேலை தெரிந்த கையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒருத்தியைத்தான் தெரியும். வருகிறாயா?

அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு,

வருகிறேன். ஊர் மாற மாட்டேன். இந்த வேலையை இங்கிருந்தே செய்யலாம்.

ஒரு நிபந்தனை. சங்கத்தைவிட்டு யார் போக நினைத்தாலும், என்ன காரணமாக இருந்தாலும், கேட்ட அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வழி வைப்பேன். அதற்குப் பூட்டுப் போடச் சொல்லி யாரும் என்னிடம் வரக் கூடாது. நீங்களும் வரக் கூடாது. உங்களைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

இன்றைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அவர்கள் விரும்பியபோது எழுதவில்லை. எனக்குப் போக இடம் வந்த பிறகு எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு வாழ்த்து சொன்னார். நானும் அவரை வாழ்த்தினேன்.

சின்னவள்


நவம்பர் 19

சின்னவளுக்கு,

துறைமுகத்துப் பட்டறைக்காரர் சங்கத்தைவிட்டுப் போகிறார். போன கூட்டத்தில் அவர் செய்யும் முழங்கால் கதவு மாதிரி கிரீச்சிடுகிறது என்று நான் சொன்னேனாம். சொன்னேன்தான். கிரீச்சிடுகிறதுதான். கோபித்துக்கொண்டு உன் பழைய கம்பெனியோடு பேசி, அங்கேயே போகப் போகிறேன் என்று நேரில் வந்து நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்காகவும்தானே அலைந்தோம்? அவருக்கு ஆபத்து வந்தபோது நம் ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அந்த வாசலுக்கே போகிறார். அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்ல வார்த்தை தொண்டைவரை வந்தது. ஒரு வாரம் ஒரு மாதம் ஆகும், ஒரு மாதத்தில் மனசு மாறுவார் என்று கணக்குப் போட்டேன். பச்சைப் பொத்தான் வைத்தவனும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பான்.

உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். நீ செய்துவைத்த வழியில் போய் அவர் ஆட்களின் பதிவு முழுவதையும் அவர் கணக்குக்கு மாற்றினேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவர் எழுந்து வாசல்வரை போனார். உன் அண்ணன் உள்ளே இருந்து வந்து, உங்கள் ஆட்களில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த வருஷம் கால் பொருந்தும் கிண்ணம் மாற்ற வேண்டியிருக்கும், வளர்ந்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்:

"திரும்பி வந்தார்னா என்ன பண்ணுவே?"

"திட்டிட்டுத்தான் சேத்துக்குவேன்" என்றேன்.

அண்ணி